பொறிவண்டின் மீது ஒரு புகார்

வரிசையாகத்தான் சொல்வேன், தம்பி. இடையில் கேள்வி கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், அதனால் கேட்காதீர்கள். வரிசை மாறினால் குற்றவாளி மாறிவிடுவான். ஆயுள் முழுக்கத் துண்டறிக்கை எழுதிய காசிமாயன் சொல்கிறேன்.

முதல் அநியாயம், வாய்க்கால். கடைமடைக்கு வரவேண்டிய தண்ணீரை மேலே இருந்தவர்கள் தங்கள் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். நானும் பக்கத்துத் தோட்டத்துச் சன்னாசியும் மடையில் குறுக்கே படுத்தோம். போலீஸ்காரர்கள் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது அநியாயம், மருந்து. திராட்சையில் சாம்பல் நோய் விழுந்தபோது டவுனில் ஒரு கடைக்காரன் டப்பா டப்பாவாக விற்றான். அடித்துப் பார்த்தோம். வெறும் சுண்ணாம்புத் தண்ணீர் அடித்திருந்தால்கூட ஏதாவது கேட்டிருக்கும். நோயையும் அவர்களே விற்பார்கள், மருந்தையும் அவர்களே விற்பார்கள் என்று அப்போது எழுதினேன். அந்த வரியை இன்னும் பலபேர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, பழச்சாறு ஆலை. மேளம் வைத்து அடிக்கல் நாட்டினார்கள். கல் இன்னும் இருக்கிறது. ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.

நான்காவது, பொன்னாடை. சிரிக்காதீர்கள். நான் தொடங்கிய திராட்சை விவசாயிகள் சங்கத்தில், நான் கொடியேற்றிய சங்கத்தில், ஒருநாள் என் தோளில் சால்வையைப் போட்டு, "நிரந்தர கௌரவத் தலைவர்" என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள். நானும் கைகூப்பினேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் விளங்கியது, என்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஐந்தாவது, பொறிவண்டு. நீங்கள் எண்ண வந்திருக்கிறீர்களே, அதுதான்.

அந்தக் கைப்பேசியை மோட்டார் மேல் வையுங்கள். முகம் மேலே தெரியட்டும். நன்றி. தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் வேளாண்மைக் கல்லூரி என்று சொன்னீர்கள், அட்டையும் காட்டினீர்கள். அட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நானே அடித்திருக்கிறேன்.

காலையில் ஜெயக்கொடி தோட்டத்தில் எண்ணினீர்கள். சிவப்பு, மஞ்சள், வளைகோடு போட்டது, கறுப்பு என்று வகைவகையாகக் கிடைத்தது என்கிறீர்கள். அப்புறம் வரப்பைத் தாண்டி என் தோட்டத்துக்கு வந்து, இவ்வளவு நேரம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். இயற்கைத் தோட்டத்தில் இருப்பது மருந்தடிக்கும் தோட்டத்தில் ஏன் இல்லை என்று உங்கள் ஆராய்ச்சி. ஏன் இல்லை என்று நான் சொல்கிறேன். உட்காருங்கள், அந்தப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். மோட்டார் ரூமில் நாற்காலி கிடையாது.

ஜெயக்கொடி யார் தெரியுமா? மடையில் என்னோடு படுத்த சன்னாசியின் மகள். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் புருஷன் குமுளியில் ஜீப் ஓட்டுகிறான். தோட்டத்தை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். அவள் தோட்டமும் என் தோட்டமும் ஒட்டியிருக்கிறது. கீழே வரப்பு உண்டு. மேலே பந்தலில் கொடிக்கு ஏது வரப்பு? அவள் கொடி இங்கே எட்டிப் பார்க்கும், என் கொடி அங்கே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்தை நிறுத்திவிட்டாள். இயற்கை விவசாயமாம். மூன்று வருஷம் விஷம் படாமல் இருந்தால் சான்று கொடுப்பார்களாம், இது மூன்றாவது வருஷம். பந்தலுக்குக் கீழே காடு மாதிரி வளர்த்து வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வரப்பில் நின்று கேட்டேன்.

"ஏம்மா, உங்கப்பன் ஒரு புல்லு நிக்க விடமாட்டானே இந்தத் தோட்டத்துல."

"புல்லு இல்ல பெரியப்பா, தட்டைப்பயறு. அதுல அசுவினி வரும். அசுவினியத் திங்க வண்டு வரும்."

"பூச்சி வரணும்னு பயிர் வைக்கிறியா?"

"விருந்தாளி வரணும்னா சோறு ஆக்கணும்ல, பெரியப்பா."

கவனித்தீர்களா? பூச்சியை வரவழைக்கிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

அப்புறம் தூணுக்குத் தூண் கிரீஸ் தடவினாள். கேட்டால் எறும்பு ஏறக் கூடாதாம். கொடியில் சாறு உறிஞ்சுகிற மாவுப்பூச்சிக்கு எறும்புதான் காவலாம். மாவுப்பூச்சி விடுகிற தேனைக் குடித்துவிட்டு, வண்டு கிட்ட வந்தால் விரட்டுமாம். எறும்பு என்ன பாவம் செய்தது? உழைக்கிற ஜாதி.

அதற்கப்புறம் ஒரு காலை அரசாங்க ஜீப் வந்தது. தோட்டக்கலைத் துறை அம்மா ஒருவர் இறங்கினார். கையில் வலை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. நேராக ஜெயக்கொடி தோட்டத்துக்குப் போனார். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. டப்பாவுக்குள் வண்டு. பொறிவண்டு என்றார். நான் பொறிவண்டு பார்த்திருக்கிறேன், தம்பி. சிவப்பாக இருக்கும், முதுகில் கறுப்புப் புள்ளி இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படம் உண்டு. இது கறுப்பு. தலை மட்டும் பழுத்த நிறம். புள்ளி என்று ஒன்றுகூட இல்லை.

"இது வேற வகை ஐயா. மாவுப்பூச்சிக்குன்னே இருக்கிற வகை."

"எந்த ஊர் வகை?"

"பூர்வீகம் ஆஸ்திரேலியா."

வெளிநாடு. அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

"எனக்கு ஏன் கொடுக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க மருந்து அடிக்கிறீங்க ஐயா. விட்டா செத்துப்போகும்."

அவள் தோட்டத்தில் பிழைக்கும், என் தோட்டத்தில் சாகும். அப்படியென்றால் அது யாருடைய ஆள்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள், வரிசை தப்பிவிடும்.

சில வாரம் போயிற்று. திராட்சைப் பிஞ்சு பயறு அளவு ஆன நேரம். ஒருநாள் எல்லை வரிசையில் கொடியைத் தாழ்த்திப் பார்க்கிறேன், வெள்ளையாக மாவு பூசினாற்போல ஒன்று. மாவுப்பூச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மாவுப்பூச்சியைவிடப் பெரிது. உடம்பெல்லாம் நூல் நூலாக வெள்ளை. அது ஓடியது. மாவுப்பூச்சி ஓடி நான் பார்த்ததில்லை. அது சோம்பேறி, உட்கார்ந்த இடத்தில் உறிஞ்சும். இது காம்பிலிருந்து காம்புக்கு ஓடுகிறது. பயிற்சி கொடுத்து அனுப்பிய மாதிரி. எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால் ஜெயக்கொடி தோட்டம். அங்கே கொத்துக்குக் கொத்து அதுதான்.

விளங்கிவிட்டது. டப்பாவில் மேலே வண்டு, அடியில் மாவுப்பூச்சி. வெளிநாட்டு மாவுப்பூச்சி. முதலில் நோய், அப்புறம் மருந்து. இரண்டாவது அநியாயத்தில் நான் எழுதிய அதே வரி.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐய, இது மாவுப்பூச்சி இல்ல பெரியப்பா. பொறிவண்டோட குஞ்சு. புழு."

"வண்டு கறுப்பு. குஞ்சு வெள்ளையா?"

"ஆமா. மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு, அதுங்க நடுவுலயே போய் உக்காந்து திங்கும். எறும்புக்கும் அடையாளம் தெரியாது. அந்தம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

வேஷம். அந்தச் சொல் எனக்குப் பழைய சொல். எங்கள் துண்டைப் போட்டுக்கொண்டு, எங்கள் கோஷத்தை எங்களைவிடச் சத்தமாகப் போட்டுக்கொண்டு, எங்கள் கூட்டத்தில் நடுவில் வந்து உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறேன். வேஷம் போட்டு வந்தவன் நமக்கு நல்லது செய்ய வந்தான் என்று எந்த ஊரில் நடந்திருக்கிறது?

அதை அவளிடம் சொன்னேன்.

"அவங்க மனுசங்க, பெரியப்பா. இது பூச்சி" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில், காற்று கிளம்பும் முன்னால், விசைத்தெளிப்பானை எடுத்தேன். என் வரிசைகளுக்கு அடித்தேன். என் தோட்டம், என் மருந்து. எல்லை வரிசைக்கு வந்தபோது குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். எதிரி அங்கே நிற்கும்போது இங்கே மட்டும் அடித்துவிட்டு வந்தால் அது என்ன போராட்டம்? அந்தப் பக்கம் இரண்டு வரிசை நனைந்தது.

மோட்டார் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து தட்டைப்பயறு இலைமேல் விழுந்து சுருண்டு கிடந்த வெள்ளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். ஒன்று அசைந்தது. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தடயத்தை அழிக்கிறாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதை முழுவதும் மறுக்க மாட்டேன்.

அப்புறம் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சான்று கொடுக்கிறவர்கள் வந்து இலை எடுத்துக்கொண்டு போனார்கள். விஷம் இருக்கிறது என்று முடிவு வந்தது. அவளுடைய மூன்று வருஷமும் செல்லாது, மறுபடி முதல் வருஷம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல விலை பேசியிருந்த வியாபாரி வேறு ஊருக்குப் போய்விட்டான்.

என் தோட்டத்தில் என்ன ஆயிற்று? அந்த ஓடுகிற வெள்ளை ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கு வெற்றி. அடுத்த மாதம் பார்த்தால், ஓடாத வெள்ளை. சாதாரண மாவுப்பூச்சி, சோம்பேறி மாவுப்பூச்சி, கொத்துக்குள் கொத்தாக அடைந்துவிட்டது. தூணில் எறும்பு சாரைசாரையாக ஏறி இறங்குகிறது. பழத்தில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி படிந்தாற்போலக் கறுப்பு. மறுபடி அடித்தேன், கேட்கவில்லை. இது எதைக் காட்டுகிறது? மருந்துக்கே அடங்காத ரகத்தை இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறது. ஜெயக்கொடி தோட்டத்தில், நான் நனைத்த அந்த இரண்டு வரிசையைத் தவிர, மற்றதெல்லாம் துடைத்து வைத்தாற்போலச் சுத்தம். நோய் எங்கிருந்து கிளம்பியதோ அங்கே நோய் இல்லை. சந்தேகம் வராதா?

அவளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சான்றும் போய், வியாபாரியும் போய், அவளுக்கு என்ன லாபம்? அதைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்போதுதான் பெயர் வாசிக்க வேண்டும் என்று சங்கத்தில் புகார் வைத்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். வரப்புத் தாண்டி ஒருவன் இன்னொருவனுக்குக் கெடுதல் செய்தால் போலீசுக்குப் போக மாட்டோம். கொட்டகையில் கூட்டம் போடுவோம். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுவோம். கை தூக்கச் சொல்வோம். குற்றம் என்று முடிவானால் அவன் தெரு, அவன் அப்பன் பெயர், அவன் பெயர் மூன்றையும் எல்லோர் காதிலும் விழ வாசிப்போம். வாசிப்பு என்று சொன்னாலும் காகிதம் கிடையாது. காகிதத்தைக் கிழிக்கலாம், காதில் விழுந்ததை என்ன செய்வாய்? அந்த அறுவடை முழுக்க அவன் பெட்டி சங்கத்து லாரியில் ஏறாது. பழம் கொடியிலேயே தொங்கும். இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். பெயரை வாசிக்கிறவனும் எப்போதும் நான்தான். தொண்டை அப்படி.

வெளிநாட்டுப் பூச்சியை ஊருக்குள் விட்ட குற்றத்துக்காக சன்னாசி மகள் ஜெயக்கொடியின் பெயரை வாசிக்க வேண்டும் என்றேன். செயலாளர் வைரவன், நான் வளர்த்துவிட்ட பையன், தலையைச் சொறிந்தான்.

"தலைவரே, அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே சான்று போச்சு. பழமும் லாரியில ஏறலேன்னா என்ன பண்ணும்?"

"விதியில அது இருக்கா?"

"இல்ல."

"அப்ப கூட்டத்தப் போடு."

ஜெயக்கொடிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நேரே என் வீட்டுக்கே வந்தாள்.

"கூட்டம் வைங்க பெரியப்பா, வர்றேன். ஒண்ணே ஒண்ணு. அந்த வெள்ளைப் பூச்சி ஒண்ண நீங்களே புடிங்க. உங்க கையாலயே பாட்டில்ல போடுங்க. உங்க வீட்டுலயே வைங்க. என்னவா மாறுதுன்னு பாருங்க. அது மாவுப்பூச்சின்னா நானே என் பேரைச் சொல்றேன்."

இது பொறி என்று தெரியாதா எனக்கு? ஆனால் மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். என் தோட்டத்தில்தான் ஒன்றும் மிச்சமில்லையே, அவள் தோட்டத்தின் நடுவில், அவள் காட்டாத கொடியில், நானே ஒன்றைப் பிடித்தேன். ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மாவுப்பூச்சி அப்பிய குச்சியோடு அதை உள்ளே விட்டேன். வாயில் மெல்லிய துணி கட்டி, முடிச்சின்மேல் மெழுகு உருக்கி ஊற்றினேன். துண்டறிக்கைகள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

தினமும் திறந்து பார்ப்பேன். மாவுப்பூச்சியை அது தின்றது. அதை என் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். குச்சி சுத்தமாகிவிடும், நான் துணியில் பயறளவு சந்து வைத்துப் புது மாவுப்பூச்சி போடுவேன், மறுபடி மெழுகு ஊற்றுவேன். பிறகு ஒருநாள் குச்சியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி. அப்புறம் ஒரு காலையில் திறக்கிறேன், துணிக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கறுப்பு. தலை மட்டும் பழுத்த நிறம்.

முடிச்சைப் பார்த்தேன், மெழுகு உடையவில்லை. பூட்டைப் பார்த்தேன், கீறல் இல்லை. சாவி என் இடுப்பில். வீட்டில் இருப்பது நானும் என் சம்சாரம் ஒச்சம்மாளும் மட்டும். அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பெட்டிய யார் திறந்தது?"

"நான்தான். நீங்க கொறட்டை விடுறப்ப சாவியை உருவி, தோட்டத்துக்குப் போய் வண்டு புடிச்சாந்து அடைச்சு, மெழுகும் ஊத்தி வச்சேன். எனக்கு வேற சோலி என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். ஜெயக்கொடி தட்டைப்பயறு கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்கிறவள் அவள். அன்றிலிருந்து சாவியை இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன்.

கூட்ட நாள் வந்தது. கொட்டகை நிறைந்துவிட்டது. சாட்சிகள் இரண்டு பேர், பக்கத்து ஊர் ஆட்கள், முன் பெஞ்சில். வைரவன் எழுந்து கேட்டான்.

"தலைவரே, பாட்டில் யார் வீட்டுல இருந்துச்சு?"

"என் வீட்டில்."

"துணி அவுந்திருந்துச்சா?"

"இல்லை."

"உள்ள போனது என்ன?"

"வெள்ளைப் பூச்சி."

"இப்ப என்ன இருக்கு?"

"வண்டு."

மேடையில் நான் பொய் சொன்னதில்லை, தம்பி. மடையில் படுத்த வழக்கில் கோர்ட்டிலும் சொன்னதில்லை. எப்படி வண்டு வந்தது என்று கேட்டிருந்தால் என் சந்தேகங்களைச் சொல்லியிருப்பேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "தலைவர் வீட்டுல பிரசவம்யா, சர்க்கரை எங்க?" என்றான். கொட்டகையே சிரித்தது. வைரவனும் சிரித்தான். நான் பார்த்துக்கொண்டேன்.

பிறகு வைரவன் சொன்னான், பூச்சி விட்டது குற்றமில்லை என்று ஆகிவிட்டது, அப்படியென்றால் வரப்புத் தாண்டி மருந்து அடித்தது எந்தக் கணக்கில் வரும் என்று. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விதி அவர்களுக்கும் தெரியும்.

ஜெயக்கொடி எழுந்தாள்.

"யார் பேரையும் வாசிக்க வேணாம். பெரியப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணாக் கெடந்தவங்க. ஒரு தடவ என் தோட்டத்துக்குள்ள வந்து, வரிசையா நடந்து பாத்துட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்."

"நல்ல பேச்சு, இதோட முடிச்சுக்குவோம்" என்று நாலைந்து குரல். வைரவன் கைதட்டத் தொடங்கினான். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும், தம்பி. சால்வை போட்ட அன்று கேட்ட அதே கைதட்டல். இவர்கள் எதையாவது என் தோளில் போர்த்தி உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். அன்று பட்டு, இன்று மன்னிப்பு. மூன்று வருஷத்தை இழந்தவள் ஒன்றும் வேண்டாம் என்கிறாள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? என்னை மன்னிக்க இவர்கள் யார்?

எழுந்து நின்றேன்.

"விதிப்படி கை தூக்குங்கள்" என்றேன்.

"விடுங்க, தலைவரே."

"கை தூக்குங்கள் என்றேன். அறிமுகமில்லாதவன் செய்திருந்தால் விடுவீர்களா?"

ஒரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. யார் யார் முதலில் தூக்கினார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு பாதிக்குமேல் எழுந்துவிட்டது. ஜெயக்கொடி மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைரவன் மைக்கை எடுத்தான். "மெதுவா நானே சொல்லிடுறேன், தலைவரே. அப்பா பேரு வேணாம்" என்றான்.

"நீ அப்பன் பெயரை முழுங்கிவிடுவாய். பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. கொடு இங்கே."

மைக்கை வாங்கி அணைத்துக் கீழே வைத்தேன். எனக்கு மைக் எதற்கு? சாட்சிகள் இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றார்கள். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பேச்சை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். இத்தனை வருஷம் மற்றவர்கள் பெயரை எப்படி வாசித்தேனோ அப்படியே, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

"ஊத்துப்பட்டி, கிழக்குத் தெரு. மொக்கையன் மகன் காசிமாயன்."